குலுக்கலில் கிடைத்த பச்சை நிறம்

நகரசபைக்கும் சுற்றுப்புறக் கிராமச் சபைகளுக்கும் இம்முறை புதிதாகத் தெரிவாகியிருக்கும் இளம் உறுப்பினர்கள் சிலர் அண்மையில் என் இல்லத்துக்கு வந்திருந்தனர். சபை நடைமுறைகளைப் பற்றி நான் ஏதேனும் எழுதித் தர வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. நடைமுறைகளைச் சபைச் செயலாளரிடம் கேட்டு அறிந்துகொள்ளலாம். அதற்கு ஓய்வுபெற்ற ஒருவனின் உதவி தேவையில்லை. ஆகவே எந்தக் கட்டளைச் சட்டத்திலும் இடம்பெறாத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அது நான் தோல்வியுற்ற தேர்தல்.

அத்தோல்வியைப் பற்றிக் கண்டி நகரில் பலவாறு பேசப்பட்டது. நான் வாக்காளரைத் தேடிப் போகாத சோம்பலால் தோற்றேன் என்றார் சிலர். கல்லூரிப் படிப்பின் செருக்கால் தோற்றேன் என்றார் வேறு சிலர். மறுத்துப் பேசுவது என் வழக்கமன்று. எனினும் பிழையான கதையொன்று ஊரில் நிலைத்துவிடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான், பிரக்கிராசி என்னும் வழக்கறிஞர் தொழிலுடன், நகரசபை உறுப்பினனாகவும் இருந்தேன். அக்காலத்தில் சொத்தும் படிப்பும் உடையோர்க்கே வாக்கு. என் வட்டாரத்து வாக்காளர் அனைவரையும் பெயர் சொல்லி அழைப்பேன். அவர்களில் பலருடைய வீட்டு நாயும் என்னைக் கண்டால் குரைக்காது. மாலையில் கோட்டு அணிந்துகொண்டு புறப்பட்டால், ஒரு வீட்டில் கதிரை போடுவார்கள், மறு வீட்டில் தேநீர் தருவார்கள். வடிகால், தெருவிளக்கு, சந்தைக் கூரை ஆகியவற்றைப் பற்றி நாகரிகமாக உரையாடுவோம். தேர்தல் என்பது அவ்வளவே. அந்தப் பழக்கத்துடன்தான் முப்பதுகளின் தொடக்கத்தில், வயது வந்தோர்க்கெல்லாம் வாக்குரிமை என்ற புதிய ஏற்பாட்டின்கீழ், அரசாங்க சபைக்குக் கண்டிக்குக் கிழக்கேயுள்ள மலைத்தொகுதி ஒன்றில் வேட்பாளனாக நின்றேன். தேயிலைத் தோட்டங்களில் நிலையாகக் குடியிருந்த தொழிலாளர்களுக்கும், அவர்களுள் பெண்களுக்கும், முதன்முறையாக வாக்குக் கிடைத்திருந்தது.

என்னை எதிர்த்தவர் ஒருவரே. அத்தொகுதியிலுள்ள பன்வில என்ற ஊரின் கடைவீதியில் அரிசியும் துணியும் வைத்து வாணிகம் செய்த முஸ்லிம் பெரியவர். எல்லோரும் அவரை ஹாஜியார் என்றே அழைத்தனர். ஆங்கிலம் அறியாதவர், அதைப் பற்றிக் கவலைப்படாதவரும்கூட.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாக்களிக்க வேண்டியிருந்ததால், ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம் ஒதுக்கும் முறை இருந்தது. வாக்குச் சாவடியில் மறைப்புக்குப் பின்னே நிறப் பெட்டிகள் வைக்கப்பட்டிருக்கும். வாக்காளர் தமக்குத் தரப்பட்ட சீட்டைத் தாம் விரும்பியவரின் நிறப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். எவர் எந்தப் பெட்டியில் போட்டார் என்பதைப் பிறர் காண இயலாது. இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். மற்றவை தாமே விளங்கும்.

ஹாஜியாருடைய கடைக் கதவுகள் பச்சை. அவருடைய லொறியும் பச்சை. ஆகவே அவர் பெட்டியும் பச்சையாகத்தான் இருக்கும் என்று அந்த மலைப்பகுதியில் எல்லோரும் தாமாகவே முடிவு செய்துகொண்டனர். பன்விலவுக்கு மேலேயுள்ள தோட்டம் ஒன்றில் தொழிலாளர்களை மேற்பார்த்த பெரிய கங்காணி, ஹாஜியாரின் ஆதரவாளர், இன்னும் ஒருபடி முன்னே சென்றார். வேட்புமனு நாளுக்கு முன்னரே தொழிலாளர்களைப் பாதையோரத்து மாரியம்மன் கோயிலில் கூட்டி, கற்பூரம் ஏற்றி, "பச்சைப் பெட்டியில்தான் போடுவோம்" என்று ஒவ்வொருவரையும் சத்தியம் செய்ய வைத்தார். தோட்டத்தில் கற்பூரத்தின்மேல் செய்த சத்தியம் எத்தகையது என்று உங்களில் மலைப்பகுதியிலிருந்து வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வேட்புமனு நாளில் நிறங்களைக் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். ஹாஜியாருக்குச் சிவப்பு வந்தது. பச்சை எனக்கு வந்தது.

என் தேர்தல் முகவராக இருந்தவர் செல்லையா. கண்டியில் திருகோணமலை வீதியில் சைவ உணவுக்கடை நடத்தியவர். நல்லவர், ஆனால் குரலை அடக்கத் தெரியாதவர். அவர் என் அலுவலகத்துக்குள் ஓடிவந்து, "ஐயா, நீங்க வீட்டுல படுத்துத் தூங்குங்க! மாரியம்மா நமக்கு ஓட்டுக் கேட்டுட்டுப் போயிருச்சு!" என்று மேசையைத் தட்டினார்.

அடுத்த சில நாட்களில் அந்தக் கங்காணியே என்னைத் தேடிக் கண்டிக்கு வந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஹாஜியாருக்குத் தெரியாமல் வந்திருப்பதாகச் சொன்னார்.

"சிவப்புல போடுங்கன்னு சொல்லிப் பாத்துட்டேங்க. ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறாங்க. சாமி முன்னாடி சொன்னது சொன்னதுதாங்கிறாங்க. ஹாஜியார் மொகத்துல நான் எப்புடி முழிக்கிறது? நெறம் ஒங்க நெறம். நீங்க ஒரு வார்த்த வந்து, அந்தச் சத்தியம் எனக்கில்லைன்னு சொன்னீங்கன்னா..."

செல்லையா இடைமறித்தார். "கங்காணியாரே, நீங்க வெதச்சீங்க, எங்க தோட்டத்துல மொளச்சிருச்சு. களையெடுக்க எங்களையே கூப்புடுறீங்களே, இது என்னா நாயம்?"

"ஒங்ககிட்ட பேசல தம்பி. ஐயாகிட்ட பேசுறேன்."

யோசித்துச் சொல்வதாகக் கூறி அவரை அனுப்பினேன்.

பொதுவாழ்வில் எனக்கு வழிகாட்டியாக இருந்தவர் ஒரு முதிய அப்புக்காத்து. யாழ்ப்பாணத்தவர்; கண்டி நீதிமன்றங்களில் நெடுங்காலம் வாதாடியவர்; என்னை நகரசபைக்குள் கொண்டுவந்தவரும் அவரே. அவருடைய பெயரை இங்கே குறிப்பிடுவதை அவர் விரும்பியிருக்கமாட்டார். அன்று மாலை வாவிக்கரையில் அவருடன் நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் கைத்தடியை ஊன்றி நின்றார்.

"நீர் அவையளைச் சத்தியம் பண்ணச் சொன்னீரோ?"

"இல்லை ஐயா."

"குலுக்கலிலை கைவைச்சீரோ?"

"இல்லை."

"பிறகென்ன தம்பி? வாயை மூடிக்கொண்டு இரும். அரசியலிலை வாயை மூடி ஆரும் தோத்ததை நான் காணேல்லை."

அவர் சொன்னதில் சட்டப் பிழை எதுவும் இல்லை. அறப் பிழையும் இல்லை என்றே இன்றும் கருதுகிறேன். ஆயினும் எனக்கு அது பொருந்தவில்லை. வேறொருவருக்காகச் செய்யப்பட்ட சத்தியம் வழி தவறி என் பெட்டிக்குள் வந்து விழுவதும், அதைக் கொண்டு நான் சபையில் ஆசனம் பெறுவதும், என் பெயருக்குத் தகாது என்று எண்ணினேன். இது ஒரு காரணம். இரண்டாவது காரணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். கங்காணி சொல்லியும் அவர்கள் சிவப்புக்கு மாற மறுத்துவிட்டனர் என்றால், அவர்களுடைய மனம் கங்காணியின் பக்கமும் இல்லை, ஹாஜியாரின் பக்கமும் இல்லை என்று கணித்தேன். தளையை அவிழ்த்துவிட்டால், அவர்கள் அச்சமின்றி, விரும்பியே என்னிடம் வருவார்கள். சத்தியத்தால் வரும் அதே வாக்கு, கண்ணியத்துடன் வரும். கணிப்பு எனக்கு மிகவும் செம்மையானதாகத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை நானும் செல்லையாவும் அந்த மாரியம்மன் கோயிலுக்குச் சென்றோம். தோட்டத்துக்குள் நுழைய வேட்பாளர்களுக்குத் அதை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரையின் அனுமதி இல்லை. ஆனால் கோயில் பாதையோரத்தில் இருந்ததால் தடையேதும் இருக்கவில்லை. கங்காணி ஆட்களைக் கூட்டியிருந்தார். நான் கோயில் முன்னே நின்று அவர்களிடம் பேசினேன்: "நீங்கள் செய்த சத்தியம் ஹாஜியாரைக் கருதிச் செய்தது. பச்சை இப்போது என் நிறம். ஆகவே அந்தச் சத்தியம் உங்களைக் கட்டாது. பச்சையிலோ சிவப்பிலோ உங்கள் விருப்பப்படி போடலாம். நான் எந்த உரிமையும் கோரவில்லை." இவ்வளவே நான் பேசியது.

பின்னர் முன்வரிசையில் நின்ற ராமாயி என்ற பெண் (தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குள் பேச்சுக்காரி என்று பின்னர் அறிந்தேன்) கேட்டாள்:

"அப்ப சாமிக்கு யாருங்கய்யா பதில் சொல்றது?"

"ஒரு வாக்குறுதியை அதன் நோக்கத்தைக் கொண்டுதான் பார்க்க வேண்டும், அம்மா. நோக்கம் நிறைவேற முடியாதபோது வாக்குறுதி தானாகவே இல்லாமற் போகிறது."

"அது கோர்ட்டுக்குச் சரிங்க."

எல்லோரும் சிரித்தனர். கங்காணியும் சிரித்துவிட்டு, உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். நான் சொன்னதையே இன்னும் எளிய சொற்களில் திரும்பச் சொன்னேன். ராமாயி தலையை ஆட்டினாள். "விருப்பப்படி போடச் சொல்றீங்க. சரிங்கய்யா. நாங்க பேசிக்கிறோம்."

காரில் திரும்பும்போது செல்லையா ஹுன்னஸ்கிரிய மலையைப் பார்த்தபடியே வந்தார். மடவளை என்ற ஊரைத் தாண்டியதும் சொன்னார். "வீட்டுக்கு வந்த மகாலட்சுமிய, வெளக்கக் காட்டி வழியனுப்பிட்டு வர்றோம்."

வாக்கெடுப்பு அமைதியாக நடந்தது. பெட்டிகள் அரசாங்க அதிபரின் அலுவலகமான கண்டிக் கச்சேரிக்குக் கொண்டுவரப்பட்டன. வாக்குகளை எண்ணும்போது இரு வேட்பாளரும் எதிரெதிரே அமர்ந்திருந்தோம். போட்டி நெருக்கமாக இருந்தது. நகரை அண்டிய சாவடிகளில் நான் முந்தினேன். கடைவீதிச் சாவடிகளில் ஹாஜியார் முந்தினார். அந்தத் தோட்டத்து மக்கள் வாக்களித்த சாவடியின் பெட்டிகள் கடைசியாக வந்தன. அதற்குள், அந்தச் சாவடிதான் முடிவைத் தீர்மானிக்கும் என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரிந்திருந்தது.

பச்சைப் பெட்டியைத் திறந்த அதிகாரி முகத்தைச் சுளித்தார். பிறகு பெட்டியைக் கவிழ்த்தார். சில சீட்டுகள் விழுந்தன. அவற்றைத் தொடர்ந்து பொலபொலவென்று வெள்ளைக் கட்டிகள் உருண்டோடின. கச்சேரி மண்டபம் முழுவதும் கற்பூர வாசனை பரவியது.

எவருக்கும் எதுவும் விளங்கவில்லை. சிவப்புப் பெட்டியைத் திறந்தபோது விளங்கியது. அது சீட்டுகளால் நிரம்பியிருந்தது. கற்பூரம் ஒன்றுகூட இல்லை.

ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்ன பிரக்கிராசியார், ஒங்கட பெட்டியில பூச நடந்தீக்கிது போல!"

"அருள் என் பெட்டிக்கு, ஆசனம் உங்களுக்கு, ஹாஜியார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "நீங்க தோட்டத்துக்குப் போய்ப் பேசினது எனக்குத் தெரியும். கங்காணி பொறகு சென்னான். நானா இருந்தா போயிருக்க மாட்டேன். அத மறைக்க எனக்கு ஏலா."

அந்தக் கட்டிகளை என்ன செய்வதென்று அதிகாரிக்குத் தெரியவில்லை. என் பெட்டியில் இருந்தவை என்பதால் ஒரு காகிதத்தில் பொதிந்து என்னிடமே கொடுத்துவிட்டார். செல்லையா அந்தப் பொதியை என் கையிலிருந்து வாங்கிப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார். கச்சேரிப் படியிறங்குமுன்னே அவர் திட்டம் தயாராகிவிட்டது.

"இதுதாங்கய்யா சாட்சி. சாமி பேரச் சொல்லி மெரட்டி ஓட்டு வாங்குறது குத்தமா இல்லையா? கங்காணி சத்தியம் வாங்கினதுக்கு இத விட வேற என்னா வேணும்? கேஸப் போடுங்க. தேர்தலே செல்லாதுன்னு ஆக்கிடலாம்."

அவர் சொன்னது சட்டப்படி சரியே. தெய்வத்தின் சினத்தைக் காட்டி வாக்காளரை வற்புறுத்துவது, தேர்தலையே செல்லாததாக்கக்கூடிய குற்றம். முதிய அப்புக்காத்துவும் அதையே சொன்னார். "முதல் நான் சொன்னதை நீர் கேக்கேல்லை. இதையாவது கேளும். அவையளிலை ரெண்டு பேர் வந்து கூண்டிலை ஏறிக் கற்பூரக் கதையைச் சொன்னாப் போதும். ஆசனம் உமக்குத்தான்."

தேர்தலை எதிர்த்து மனுத் தாக்கல் செய்வதற்கான காலம் குறுகியது. ஆசனம் மீண்டும் என் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. சாட்சிகளைக் காண்பதற்காக, கற்பூரப் பொதியுடன், நானும் செல்லையாவும் மறுபடியும் அந்தக் கோயிலடிக்குச் சென்றோம்.

மாலை வேலை முடிந்து பெண்கள் கூடையுடன் இறங்கிக்கொண்டிருந்தனர். கோயிலுக்குச் சற்று மேலே, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போகும் வழியில், குழாய் பதித்த ஒரு பீலியிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ராமாயி அங்கே கால் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்கய்யா. ஒங்களுக்குக் கும்புடு போட்டுக்கணும்னு நாங்களே பேசிக்கிட்டு இருந்தோம்."

எதற்காக என்று கேட்டேன்.

"நீங்க மட்டும் வரலைன்னா பச்சையிலதாங்க போட்டிருப்போம். வேற வழி ஏது? நீங்கதான் வந்து, புடிச்சவங்களுக்குப் போடுங்கன்னு சொன்னீங்க. அதான் ஹாஜியாருக்குப் போட்டோம்."

செல்லையா இருமினார்.

"கற்பூரம்?" என்றேன்.

"அது சாமி பங்குங்க. பச்சையில போடுறோம்னு சொன்ன வாய் பொய்யாகக் கூடாதுல்ல? அதான் பச்சையில கற்பூரம். சீட்டு எங்க பங்கு. அத எங்க இஷ்டத்துக்குப் போட்டோம்."

"கங்காணி உங்களை மிரட்டினாரா? சிவப்பில் போடாவிட்டால் வேலை போய்விடும் என்றாரா?" இது வழக்குக்கு வேண்டிய கேள்வி.

அவளுடன் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டனர். ராமாயி வெளிப்படையாகவே சிரித்தாள். "கங்காணி சொன்னாருங்கிறதுக்காகவே சிவப்பு வேணாம்னு நின்னவளுக ரெண்டு பேரு இருந்தாளுக. அவளுகள இழுத்துக்கிட்டுப் போறதுக்குள்ள எங்களுக்குப் போதும் போதும்னு ஆயிருச்சு."

"பிறகு ஏன் ஹாஜியார்?"

அவள் பீலியைத் திரும்பிப் பார்த்தாள். நான் கேட்ட கேள்வி அவளுக்கு வியப்பாக இருந்தது போலும். "தண்ணிக்கு ஆத்துக்குத்தாங்க எறங்குவோம். புள்ளத்தாச்சியும் கொடத்தத் தூக்கிக்கிட்டு ஏறணும். அவரு அரிசி லொறியோட வந்தப்ப ஒருக்கா பாத்தாரு. ஒண்ணுஞ் சொல்லல. அடுத்த தடவ வரும்போது கொழாயும் ஆளும் கொண்டாந்தாரு. அப்ப எலெக்சன் பேச்சே கெடையாது." பின்னர் என் முகத்தைப் பார்த்து, ஆறுதலாகச் சொன்னாள்: "ஒங்க மேல எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்கய்யா. ஒங்கள நாங்க முன்ன பின்ன பாத்ததில்ல, அவ்வளவுதான்."

இளம் உறுப்பினர்களே, இந்த இடத்தில்தான் ஒருவன் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு எந்தச் சட்டநூலும் துணைக்கு வராது. கற்பூரக் கதையை அவளைக் கூண்டில் ஏற்றிச் சொல்ல வைத்தால், நீதிமன்றம் கேட்கும் அளவுக்கு மட்டும் அது உண்மை. சத்தியம் நடந்தது, கற்பூரம் பெட்டியில் விழுந்தது. அந்த மக்கள் அச்சமின்றி, தம் விருப்பப்படி, தம் மனத்துக்கு உகந்தவரைத் தெரிவுசெய்தனர் என்ற எஞ்சிய பகுதியை எவரும் கேட்கமாட்டார்கள். நானே வந்து தந்த உரிமையை, அவர்கள் அதை எனக்கு எதிராகப் பயன்படுத்திவிட்டார்கள் என்பதற்காக, நானே நீதிமன்றத்தில் நின்று குற்றமாக்க வேண்டியிருந்திருக்கும். அது என்னால் இயலாத காரியம்.

செல்லையாவிடம் கையை நீட்டினேன். அவர் தயங்கித் தயங்கிப் பொதியைத் தந்தார். அதை ராமாயியிடம் நீட்டி, "உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

அவள் ஓர் அடி பின்வாங்கினாள். "ஐயையோ, குடுத்தத திருப்பி வாங்கக் கூடாதுங்க. அது பச்சப் பொட்டிக்குப் போனது. பச்சப் பொட்டி ஒங்களுது. நீங்கதான் ஏத்தணும்."

நான் கோயிலுக்குச் செல்வதுண்டு. ஆனால் பாதையோரத்தில், கோட்டும் காற்சட்டையுமாகக் குனிந்து கற்பூரம் ஏற்றியவனல்லன். அன்று ஏற்றினேன். கங்காணியும் எங்கிருந்தோ வந்து நின்றார். கல்லின்மேல் குவித்துவைத்த கட்டிகள் அனைத்தும் ஒரே சுடராக எழுந்தன. பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து கைகளைச் சுடருக்குமேல் காட்டிக் கண்களில் ஒற்றிக்கொண்டனர். ராமாயி என்னையும் ஒற்றிக்கொள்ளச் சொன்னாள். ஒற்றிக்கொண்டேன்.

செல்லையா என் காதருகே குனிந்தார். "ஐயா, நம்ம கேஸ் எரியுது."

"ஆம்" என்றேன். "நீங்களும் ஒற்றிக்கொள்ளுங்கள்."

சுடர் தணிந்தபோது கல்லில் கருமைகூட அதிகம் இல்லை. இருட்டுவதற்குள் கண்டி போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிக் காரில் ஏறினேன். ராமாயி ஓடிவந்து சன்னலருகே நின்றாள்.

"அடுத்த தடவயும் நிப்பீங்களாய்யா?"

"தெரியாது, அம்மா."

"நின்னா முன்னாடியே ஒரு தடவ வாங்க. மேல் லயத்துக்கு இன்னும் பீலி இல்ல."